முதல் வாரம், திங்கட்கிழமை

செவ்வாய்க்கிழமை தொலைபேசி ஒரே ஒரு தடவை சிணுங்கியது. அலை வந்து குதிகாலை நனைக்கும் தூரத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெயில் கண்ணிமை வழியாகச் சிவப்பாக உள்ளே இறங்குவதை அனுபவித்துக்கொண்டிருந்த ஐலா, கண்ணைத் திறக்காமலேயே துண்டுக்கடியில் கைவிட்டு அதை எடுத்தாள். திரையில் ஒரே வரிதான். 'ஹால் வெப்பம் 22 டிகிரி. வீட்டிலிருந்து மாற்றப்பட்டது.'

வீடு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பின்லாந்தில், குஹ்மோ ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் ஜன்னல் உயரத்துக்குப் பனியில் புதைந்து கிடந்தது. சுற்றிலும் இருப்பவை கோடைக்கு மட்டும் ஆள் வரும் குடில்கள். நேற்றுக் காலை நான்கு மணிக்கு அவளும் கணவன் ரைமோவும் கிளம்பும்போது குழாயை மூடி, குழாய்க்குள் மிச்சமிருந்த தண்ணீரை வடித்து, ஃபிரிட்ஜை அணைத்து அதன் கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு கரண்டியைச் செருகி, பத்தரை மணிக்குச் சூடு தானாக ஐந்து டிகிரிக்கு இறங்கும்படி செய்துவிட்டு வந்திருந்தார்கள். ஆளில்லாத வீட்டுக்கு ஐந்து டிகிரி போதும்.

"என்ன, வீடு நம்மள நெனச்சு ஏங்குதா?" என்றான் ரைமோ. வயிற்றின் மேல் பீர் டின்னை நிறுத்தி வைத்திருந்தான். தோள்கள் அதற்குள் வெந்த இறால் நிறத்துக்கு வந்துவிட்டன.

"யாரோ சூட்டை ஏத்தியிருக்காங்க."

"யாரு ஏத்துவா? நரி வந்து ஏத்துச்சா? அந்தச் சூட்டுப் பெட்டி போன வருஷமே கிறுக்குப் பிடிச்சுத்தான் கிடந்துச்சு. இறக்கிவிடு."

ஐலா போனிலேயே கட்டைவிரலால் இறக்கினாள். இருபத்திரண்டு, பதினைந்து, பத்து, ஐந்து. போனைத் துண்டுக்கடியில் தள்ளினாள். கடல் வெதுவெதுப்பாக வந்து காலைக் கழுவிவிட்டுப் போனது.

தீவில் இருக்கும் இந்த வில்லாவுக்காக அவள் நான்கு வருஷம் காத்திருந்தாள். கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல். நாலு வருஷத்துக்கு முன்பு அக்கா ஹெல்விக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. அதோடு பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. 'இல்ல.' காபி வேணுமா என்றாலும் இல்ல, குளிரா என்றாலும் இல்ல, நன்றிக்கும் இல்ல. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் உட்கார்ந்து தேதி முத்திரை குத்தியவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். முதல் வருஷம் ஐலா அழுதாள். இரண்டாம் வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடித்தாள். அதற்குப் பிறகு அது காதில் விழுவதே நின்றுபோனது.

ஹெல்வியை இரண்டு மாசத்துக்கு முதியோர் இல்லத்தில் விட ஏற்பாடு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இல்லத்து வண்டி வரும், டிரைவர் வெளியே பெட்டியில் இருக்கும் சாவியை எடுத்து உள்ளே வந்து அழைத்துப் போவான். நான்கு மணியிலிருந்து பத்து மணிவரை ஆறு மணி நேரம்தானே. கம்பளிக் கோட்டைப் போட்டு, பூட்ஸை மாட்டி, ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்தாள். கையில் கட்டியிருந்த அவசரப் பொத்தானை அவிழ்த்துப் பையில் போட்டாள், அதோடு இணைந்த கருவியின் ஒயரையும் சுவரிலிருந்து பிடுங்கினாள். இல்லத்தில் வேறு தருவார்கள்.

"முதல் வாரம், திங்கட்கிழமை, பத்து மணி. அதாவது இன்னைக்கு. சரியா?"

"இல்ல," என்றாள் ஹெல்வி. வலது கையைத் தூக்கிச் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினாள். "இல்ல. இல்ல. இல்ல."

"ஆமா, ஆமா," என்று ஐலா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு விளக்கை அணைத்தாள்.

புதன்கிழமை மறுபடி சிணுங்கியது. 'ஹால் வெப்பம் 22 டிகிரி. வீட்டிலிருந்து மாற்றப்பட்டது.'

ஐலா அப்போது வில்லாவின் ஹாலில் இருந்தாள். பிரானி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள தினமும் வருகிற தீவுக்காரி அவள், ஒல்லியானவள், வெறுங்காலில் நடந்தால் சத்தமே வராது. வெளியே பல்லி ஒன்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூப்பிட்டது. எலுமிச்சைப்புல் வாசனையும் கொசுவர்த்தியின் புகையும் கலந்து அடித்தன. இவற்றுக்கு அடியில், மெலிதாக, இந்த ஊருக்குச் சொந்தமில்லாத ஒரு வாடை இருந்தது. ஈரக் கம்பளியும் அணைந்த அடுப்புச் சாம்பலும் கலந்த வாடை.

இருபத்திரண்டு. ஊர் வீட்டுச் சுவரில் சூட்டைத் திருப்பும் குமிழில் இருபத்திரண்டுக்கு நேராக அவளேதான் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். ஹெல்விக்கு எண் கண்ணுக்குத் தெரியாது, பொட்டுத் தெரியும். பழுதான பெட்டிக்கு அந்தப் பொட்டு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்திலேயே அதை அமுக்கினாள்.

ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். இல்லத்தின் எண்ணைத் திரையில் எடுத்து, அதன்மேல் கட்டைவிரலை நிறுத்தினாள். போன குளிர்காலமும் இதே இல்லம்தான். மூன்றாம் நாளே கூப்பிட்டு, உங்க அக்கா சாப்பிட மாட்டேங்கறாங்க, நீங்க வந்துட்டா நல்லது என்றார்கள். பாதி விடுமுறையில் மூட்டையைக் கட்டினார்கள், ரைமோ ஒரு வாரம் பேசவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் கிளம்ப வேண்டும். ஐலா எண்ணை மூடினாள், சூட்டை ஐந்துக்கு இறக்கினாள். தான் செய்வது என்ன என்று அவளுக்குள் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒருத்தியை அவள் பேசவிடவில்லை.

"மேடம்," என்றாள் பிரானி. "கூரை ஒழுகுதா?"

"மழையே பெய்யலையே."

"அதான் கேக்கறேன். இங்க பாருங்க, தண்ணி."

சுவரோரம் இருந்த பிரம்பு நாற்காலியின் கீழே, அருகருகே இரண்டு சின்னக் குட்டைகள். பூட்ஸில் ஒட்டிய பனி உருகினால் எப்படி நிற்குமோ அப்படி. பிரானி துணியை அதில் வைத்தவள் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அந்த நாற்காலியை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துடைத்தாள்.

வியாழக்கிழமை மாலை வந்த எண் இருபத்திரண்டு அல்ல. பதினொன்று. சிறிது நேரம் கழித்துப் பதினான்கு. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பதினைந்து. பலமில்லாத ஒரு கை, நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி திருப்புகிறது.

"ரைமோ. நிஜமாவே வண்டி வந்திருக்கும்ல?"

"எந்த வண்டி?"

"ஹெல்விக்கு."

ரைமோ அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, நின்று, போய்விட்டதை ஐலா பார்த்தாள். "வராம? நீதான பேசின? முதல் வாரம் திங்கள்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"பின்ன என்ன? நாலு வருஷமா உன் அக்காவைத் தூக்கிட்டே திரிஞ்சோம். இங்கயும் தூக்கிட்டு வந்து ஊஞ்சல்ல உக்கார வைக்கணுமா? போனைக் குடு." வாங்கித் துழாவினான். "இதுல பூட்டுன்னு ஒண்ணு இருக்கு பாரு. சின்னப் பிள்ளைங்க குமிழைத் திருகாம இருக்க. அழுத்து. பெட்டியும் வாயை மூடும், நீயும் மூடுவ."

அவன் அழுத்தவில்லை. போனை நீட்டிக்கொண்டு நின்றான். அழுத்தியது ஐலாதான். 'குமிழ் பூட்டப்பட்டது' என்று வந்தது.

அன்று வருஷக் கடைசி. ஈயம் உருக்கிக் குளிர்ந்த நீரில் ஊற்றி, அது இறுகும் வடிவத்தின் நிழலைச் சுவரில் பார்த்து வரப்போவதைச் சொல்கிற வழக்கத்தை ரைமோ எங்கே போனாலும் விடமாட்டான். பயணப் பெட்டிக்குள் காபிப் பொட்டலத்துக்கும் கம்பு ரொட்டிக்கும் நடுவில் லாட வடிவ ஈயத் துண்டுகளும் கரண்டியும் வந்திருந்தன. வெளியே இருட்டிவிட்டது. அடிவானத்தில் கணவாய் பிடிக்கும் படகுகள் பச்சை விளக்குகளை வரிசையாகக் கொளுத்தியிருந்தன. அந்தப் பச்சை ஜன்னல் வழியாக வந்து வெள்ளைச் சுவரில் மங்கலாகப் பரவியிருந்தது. உருகிய ஈயம் வாளித் தண்ணீரில் விழுந்து சீறியது. அதே நேரத்தில் போன் சிணுங்கியது.

'பூட்டிய குமிழ் திருப்பப்பட்டது. மாற்றம் இல்லை.'

ரைமோ ஈயத்தை மெழுகுவர்த்திக்கு முன்னால் பிடித்தான். "கப்பல் மாதிரி இருக்கு. பயணம்னு அர்த்தம். அடுத்த வருஷமும் இங்கதான் போ."

ஐலாவுக்குக் கப்பல் தெரியவில்லை. சுவரில் ஒரு நாற்காலி தெரிந்தது. அதில் கூன் போட்டு உட்கார்ந்த ஓர் உருவமும், அது மேலே நீட்டிய ஒரு கையும் தெரிந்தன. சுடர் அசைந்தது. கை இன்னும் கொஞ்சம் நீண்டது.

சிணுங்கல். 'பூட்டிய குமிழ் திருப்பப்பட்டது. மாற்றம் இல்லை.'

மறுபடி. மறுபடி. ஐலா எண்ணவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ணினாள். ஏழு. எட்டாவது சிணுங்கல் வருவதற்குள் போனைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தலையணையை வைத்து அமுக்கினாள். தலையணைக்கடியில் அது நெடுநேரம் முனகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சத்தமில்லை. சனிக்கிழமை இல்லை. ஞாயிறு இல்லை. ரைமோ நன்றாகத் தூங்கினான், நீந்தினான், சுட்ட கணவாயைக் கையால் பிய்த்துத் தின்றான். ஐலா வெயிலில் படுத்துப் பார்த்தாள். தோல் சுட்டது, அடியில் சுடவில்லை. இடது கைவிரல் நுனி மட்டும் மரத்துக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் பிரம்பு நாற்காலியின் கீழே இரண்டு குட்டைகள். ஞாயிறு காலையில் பிரானி துடைக்கப் போய்த் துணி வழுக்கி நின்றுவிட்டாள். குட்டைகள் உறைந்திருந்தன.

அவள் துணியை வாளியில் போட்டாள். ஒரு போர்வையை மடித்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டு, அதன் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். ஐலா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது டம்ளரில் ஒரு சொட்டு இல்லை.

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு இல்லத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஊரில் அப்போது காலை எட்டு.

'வணக்கம். இன்று முதல் வாரம், திங்கட்கிழமை. பேசியபடி பத்து மணிக்கு ஹெல்வியை அழைத்துப்போக வண்டி வரும். கோட், பூட்ஸ் போட்டுத் தயாராக வைக்கவும்.'

ஐலா மூன்று தடவை படித்தாள். இன்று. முதல் வாரம். கிறிஸ்துமஸ் ஐம்பத்திரண்டாம் வாரம், அதற்கு அடுத்தது ஒன்று. பல் டாக்டரும் பள்ளி விடுமுறையும் கார் டயர் மாற்றுவதும் எல்லாமே வார எண்ணில்தான் நடக்கும் ஊர், பிறந்ததிலிருந்து அப்படித்தான் எண்ணியிருக்கிறாள். ஐம்பத்திரண்டு, பிறகு ஒன்று. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை, காலண்டரின் அடியில், ஐம்பத்து மூன்று என்று ஒரு வாரம் வரும். அவர்கள் கிளம்பியது அந்த வாரத்தில்தான். யாருக்கும் நினைவிருக்காது. தேதி முத்திரை குத்தியவர்களுக்கு நினைவிருக்கும்.

இல்ல. இல்ல. இல்ல. அந்தக் கை காலண்டரைக் காட்டியது.

ரைமோ செய்தியைப் படித்தான். படித்துவிட்டுக் கடலைப் பார்த்தான். "ஏழு நாள்," என்றான்.

"தண்ணிய மூடினோம் ரைமோ. ஃபிரிட்ஜ்..."

"கத்தாத. ரெண்டு மணி நேரம் இருக்கு." அவன் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. "வண்டி அன்னைக்கு வரலை, வாரம் மாறிப்போச்சு, அது யாருக்கும் நடக்கும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பூட்டு வேற விஷயம். பூட்டை எடு. சூட்டை ஏத்து. டிரைவர் கதவைத் திறக்கறப்ப வீடு சூடா இருக்கணும்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். உயிரோட இருந்தா?"

"இருந்தா டிரைவர் பாப்பான். இல்லைன்னாலும் டிரைவர் பாப்பான்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "நான் கொஞ்சம் நீந்திட்டு வரேன்."

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவன் மணலைக் கடந்து போவது தெரிந்தது.

ஆம்புலன்ஸுக்கு மூன்று எண்கள். ஐலா அவற்றை அழுத்தவில்லை. பூட்டை எடுத்தாள். இருபத்திரண்டு வைத்தாள்.

சிணுங்கியது.

'ஹால் வெப்பம் 5 டிகிரி. வீட்டிலிருந்து மாற்றப்பட்டது.'

உயிரோடு இருக்கிறாள். ஐலா வாய்விட்டு அழுதாள். அக்கா உயிரோடு இருக்கிறாள், எழுந்து நிற்கிறாள், குமிழில் கை வைத்திருக்கிறாள். அப்புறம்தான் உறைத்தது. ஏற்றவில்லை. இறக்கியிருக்கிறாள்.

இருபத்திரண்டு வைத்தாள்.

ஐந்து.

இருபத்தைந்து.

ஐந்து. உடனே. பலமான, தயங்காத கை.

"வேணாம் ஹெல்வி," என்றாள் ஐலா, அந்த அறையில், யாரோ பக்கத்தில் இருப்பது போல. சொற்கள் வாயிலிருந்து வெள்ளையாக வந்தன. அவள் அந்த வெண்மையைப் பார்த்தாள். மூச்சு. வெளியே முப்பத்து மூன்று டிகிரி வெயில், தென்னை நிழல் மணலில் அசையாமல் கிடந்தது. உள்ளே அவளுடைய மூச்சு புகைந்தது. கண்ணாடிக் கதவின் ஓரத்திலிருந்து வெண்பனி பூப்பூவாக ஏறி நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளி வாடை. சாம்பல் வாடை.

கதவுக்குப் போக எழுந்தாள். வலது கால் போனது. இடது கால் போகவில்லை. போன் இடது கையிலிருந்து நழுவியது, கை அதைப் பிடிக்கவே இல்லை. சுவரைப் பிடித்தாள். விழுந்தாள். விழுந்த இடத்தில் பிரம்பு நாற்காலி இருந்தது, அவள் உடம்புக்கு அளவெடுத்த மாதிரி. கால்கள் இரண்டும் உறைந்த குட்டைகளில் பதிந்தன.

தலைக்கு மேலே சுவரில் ஏசியின் குமிழ். பதினாறுக்குக் கீழே போகாத பெட்டி. அதில் ஐந்து என்று இருந்தது. குமிழின் ஓரத்தில், ஊர் வீட்டில் தன் கையாலேயே வைத்த, சிவப்புப் பொட்டு.

வலது கையை நீட்டினாள். எட்டியது. திருப்பினாள். பதினொன்று. மூச்சு வாங்கினாள். பதினான்கு. பதினைந்து.

குமிழ் அவள் விரலுக்கடியில் தானாகத் திரும்பியது. மெதுவாக. ஐந்து.

கண்ணாடியில் பனி மூடாமல் மிஞ்சிய கையளவு இடத்தில் கடல் தெரிந்தது. ரைமோ மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான், வயிறு மேலே, முகம் சூரியனுக்கு. பிறகு அந்த இடமும் மூடிக்கொண்டது.

படியில் செருப்பின் சத்தம். கதவைத் தட்டினார்கள்.

"மேடம்? துண்டு கொண்டாந்திருக்கேன். உள்ள இருக்கீங்களா?"

பிரானி. ஐலா முழு பலத்தையும் திரட்டினாள். காப்பாத்து என்று சொல்ல வேண்டும். கதவை உடை என்று சொல்ல வேண்டும். நாக்கு தடித்துக் கிடந்தது. அதைத் தூக்கித் தள்ளினாள்.

"இல்ல," என்றாள்.

வெளியே செருப்பு ஓர் அடி முன்னால் வந்தது. "உடம்பு நல்லாருக்கா மேடம்? யாரையாவது கூப்பிடவா?"

"இல்ல."

"சரி மேடம். வாசல்ல வச்சிட்டுப் போறேன்."

செருப்பு படியிறங்கியது. மணலில் சத்தம் கரைந்தது.

"இல்ல," என்றாள் ஐலா கதவைப் பார்த்து. "இல்ல. இல்ல. இல்ல."

சரியாக மூன்று மணி, ஊரில் பத்து. தரையில் கிடந்த போன் அடிக்க ஆரம்பித்தது, ஊர் எண்ணிலிருந்து, விடாமல். அதற்கு மேலே, சுவரில், பொட்டை நோக்கி அவள் திருப்பிய குமிழ் நகராமல் நின்றது. பூட்டியிருந்தது.